பார்த்துப் படிப்பதிலும் நிதி கேட்பதிலும் நகரங்கள் செய்யும் தவறுகள்

தெற்கு பிரான்சில் கான் நகருக்குப் பக்கத்தில் முவான்-சார்த்து என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை பத்தாயிரத்தை ஒட்டித்தான். 2012 முதல் அதன் பள்ளி உணவகங்களில் முழுக்க முழுக்க இயற்கை விளைபொருளில் சமைத்த உணவு. இதைக் கேள்விப்படும் வேறொரு நகர மேயருக்கு முதலில் தோன்றுவது, "நாமும் இயற்கைக் காய்கறி வாங்கிவிடலாமே" என்பதுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இயற்கைக் காய்கறிக்கு விலை கூடுதல். அதை அந்த ஊர் எப்படிச் சமாளித்தது? குழந்தைகள் தட்டில் மிச்சம் வைத்ததை எடைபோட்டது. பசிக்கேற்ற அளவில் பரிமாறத் தொடங்கியது. வீணாகும் உணவு சுமார் 80 சதவீதம் குறைந்தது. அதில் மிச்சமான பணமே விலை வேறுபாட்டை ஈடுகட்டியது. அடுத்த சிக்கல், ஐரோப்பிய ஒன்றியக் கொள்முதல் விதிகள்: "எங்கள் ஊர்க் காய்கறிதான் வேண்டும்" என்று டெண்டரில் நிபந்தனை போட முடியாது. ஆகவே நகராட்சியே சொந்தப் பண்ணை வைத்து, விவசாயிகளைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டது. பண்ணை கண்ணுக்கு அழகு, பார்க்க வருபவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் கணக்கை நேர்செய்தது சமையலறையில் நடந்த எடைபோடும் வேலை. விளைவை மட்டும் நகலெடுத்துவிட்டு, அதை இயக்கும் கணக்கை விட்டுவிடுவதுதான் என் பார்வையில் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

நகரங்கள் இப்படி ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்றுக்கொள்வதற்காகவே அர்பாக்ட் என்ற ஐரோப்பியத் திட்டம் 2002 முதல் நடக்கிறது. 2017-ல் அது 97 நடைமுறைகளுக்கு 'நல்ல நடைமுறை' முத்திரை கொடுத்தது; முவான்-சார்த்து அவற்றில் ஒன்று. கிரீஸின் திரிகலா, ருமேனியாவின் வாஸ்லுயி போன்ற நகரங்கள் அதனுடன் சேர்ந்து படித்தன. இதில் சேரும் ஒவ்வொரு நகரமும் ஓர் உள்ளூர்க் குழு அமைக்க வேண்டும். அதை வெறும் கையெழுத்துக் குழுவாக வைத்துக்கொள்ள ஆசை வரும். பள்ளி உணவு பற்றிய குழுவில் சமையல்காரரும் பெற்றோரும் நகராட்சிக் கணக்கரும் இல்லையென்றால் அது குழுவே இல்லை. மற்ற நகரங்களைப் பார்த்துவரும் பயணத்துக்கும் அவர்களைத்தான் அனுப்ப வேண்டும். மேயர் போய்வந்தால் ஊருக்கு ஒரு செய்தி கிடைக்கும், அவ்வளவுதான்.

அர்பாக்ட் பணத்தில் கட்டடம் கட்டலாம் என்று எதிர்பார்ப்பதும் தவறு. அது பெரும்பாலும் சந்திப்புகளுக்கும் நிபுணர்களுக்கும் செயல்திட்டம் தீட்டுவதற்கும்தான். புதுச் சமையலறை வேண்டுமானால் ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதியின் வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். அந்தக் கதவு ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் உள்ள பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது என்று நினைத்து அங்கே கடிதம் எழுதிப் பயனில்லை. பெரும்பகுதிப் பணம் அந்தந்த நாடு அல்லது வட்டாரத்தின் நிர்வாக அமைப்பு வழியாகவே போகிறது. 2021–27 காலத்தில், ஒவ்வொரு நாட்டுக்கும் இந்த நிதியிலிருந்து கிடைக்கும் தொகையில் 8 சதவீதமாவது நீடித்த நகர வளர்ச்சிக்குப் போக வேண்டும் என்பது விதி. அந்தப் பணமும் தனித்தனி மனுக்களுக்கு அல்ல, ஊரைப் பற்றிய ஒரு முழு உத்திக்கு. ஆகவே வரைவு முடிந்தபின் அல்ல, வரைவு எழுதும்போதே நிர்வாக அமைப்பின் அதிகாரிகளைப் பார்ப்பது நல்லது.

பணம் எப்போது வரும் என்பதில்தான் சிற்றூர்கள் அதிகம் அடிபடுகின்றன. பின்தங்கிய வட்டாரங்களில் செலவில் 85 சதவீதம் வரை நிதி தரலாம். வளர்ந்த வட்டாரங்களில் உச்சவரம்பு பொதுவாக 40 சதவீதம். இரண்டிலும் மீதியை ஊரே தேடிக்கொள்ள வேண்டும். நிதியின் பங்கும் பெரும்பாலும் முன்பணமாக வருவதில்லை: முதலில் நீங்கள் செலவழிக்கிறீர்கள், பில் காட்டுகிறீர்கள், சரிபார்ப்பு முடிகிறது, பிறகு பணம் திரும்பி வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் ஒப்பந்தக்காரருக்கு யார் கொடுப்பது? மாதவாரியாக ரொக்கக் கணக்குப் போடாமல் விண்ணப்பித்த நகராட்சி, ஒப்புதல் கடிதம் வந்தபிறகு வங்கியில் கடனுக்கு நிற்கும்.

பில்களையும் அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. கடைசித் தொகை வந்த ஆண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுகள் அவை இருக்க வேண்டும். கட்டிய சமையலறையை ஐந்து ஆண்டுக்குள் கைமாற்றினாலோ வேறு வேலைக்குத் திருப்பினாலோ வாங்கிய நிதியைத் திருப்பித் தர நேரலாம். சமையல்காரரின் சம்பளம் திட்டம் முடிந்தபின் எந்த வரவுசெலவுத் தலைப்பிலிருந்து வரும் என்பதை நகர்மன்றம் முன்கூட்டியே தீர்மானமாக நிறைவேற்றிவிட்டு விண்ணப்பத்தை அனுப்பலாம்.