புராஸ்டேட் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கு முன் எந்த ஸ்கேன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புராஸ்டேட் சுரப்பியைப் புற்றுநோய்க்காக அகற்றலாம் என்றதும் குடும்பத்தார் கேட்பது, "இருப்பதிலேயே நல்ல ஸ்கேன் எது?" என்பதுதான். முதல் பிசகு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. கட்டி சுரப்பிக்குள் எங்கே இருக்கிறது, உறையைத் தாண்டிவிட்டதா என்று காட்டுவது எம்.ஆர்.ஐ.; நிணநீர்க் கணுக்களுக்கோ எலும்புக்கோ பரவியிருக்கிறதா என்று தேடுவது வேறு வேலை, அது எல்லோருக்கும் வேண்டியதில்லை. பி.எஸ்.ஏ. (இரத்தத்தில் அளக்கும் புராஸ்டேட் புரதம்) 10-க்குக் கீழ், கிளீசன் மதிப்பெண் (திசுச் சோதனையில் புற்றின் வீரியத்தைக் குறிக்கும் எண்) 6, கட்டியும் சிறியது என்றால் எலும்புக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அந்நிலையில் எடுக்கும் எலும்பு ஸ்கேன், பழைய எலும்பு முறிவையோ மூட்டுத் தேய்மானத்தையோ கரும்புள்ளியாகக் காட்டி வீட்டையே கலங்கடித்துவிடும். (இத்தகையவருக்கு அறுவை சிகிச்சையே இப்போது தேவையா, தொடர் கண்காணிப்பு போதுமா என்றும் கேட்டுவிடுவது நல்லது.)

எம்.ஆர்.ஐ.க்கு நாள் முக்கியம். பயாப்சிக்காக, அதாவது சோதிக்கத் திசுத் துணுக்கு எடுக்க, ஊசி குத்திய இடங்களில் தேங்கும் இரத்தம் கட்டியை மறைக்கலாம், கட்டி போலவும் தோன்றலாம். ஆகவே பயாப்சிக்கு முன்பே எடுப்பது சிறந்தது; தவறியிருந்தால் வழக்கமாக 6 முதல் 8 வாரம் பொறுப்பார்கள். அறிக்கையில் "பைராட்ஸ் 4" என்றிருப்பதை நான்காம் நிலைப் புற்றுநோய் என்று வாசித்துப் பதறுவோர் உண்டு. அந்த எண், எம்.ஆர்.ஐ.யில் தெரிவது புற்றாக இருக்கலாம் என்ற சந்தேகத்தின் அளவைச் சொல்கிறதே தவிர, நோய் பரவிய நிலையை அன்று.

கைக்காசு கரைவது பெட் ஸ்கேனில்தான்; கதிரியக்க மருந்தை ஊசியாகச் செலுத்தி, அது உடலில் எங்கே சேர்கிறது என்று பார்ப்பது அது. சீட்டில் "பெட் சி.டி." என்று மட்டும் இருந்தால், மற்றப் புற்றுநோய்களுக்கு வழக்கமாகத் தரும் எஃப்.டி.ஜி. ஊசியைப் போட்டுவிடக்கூடும். அது சர்க்கரையை உறிஞ்சும் கட்டிகளைக் காட்டுவது. புராஸ்டேட் கட்டிகளில் பெரும்பாலானவை சர்க்கரையை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. அதிக ஆபத்துப் பிரிவினர் (பி.எஸ்.ஏ., கிளீசன் எண், கட்டியின் நிலை ஆகியவற்றால் பரவும் வாய்ப்பு கூடுதலாக உள்ளவர்கள்) கேட்க வேண்டியது பி.எஸ்.எம்.ஏ. பெட்; அது புராஸ்டேட் புற்றணுக்களின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் ஒரு புரதத்தைத் தேடுவது. ஆஸ்திரேலியாவில் அப்பிரிவைச் சேர்ந்த சுமார் 300 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில் அதன் துல்லியம் 92 விழுக்காடு, சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்தே 65 விழுக்காடுதான். காரணம் எளிது: சி.டி. கணுவின் பருமனை வைத்தே சந்தேகிக்கிறது, 5 மி.மீ. கணுவுக்குள் புற்று இருந்தால் அதைக் கடந்து போய்விடும்.

அதற்காக பி.எஸ்.எம்.ஏ. சொன்னதெல்லாம் தீர்ப்பாகிவிடாது. விலா எலும்பில் மங்கலாகத் தெரியும் ஒற்றைப் புள்ளி பெரும்பாலும் புற்றாக இருப்பதில்லை. அதை மட்டும் வைத்து அறுவை சிகிச்சையைக் கைவிடக் கூடாது. கணுக்களில் ஒன்றும் தெரியவில்லை என்று அறிக்கை வந்த பின்னும் அவற்றை அகற்ற வேண்டும் என மருத்துவர் சொன்னால் அதில் முரண் இல்லை, ஏனெனில் ஓரிரு மி.மீ. அளவுள்ள படிவுகள் அந்த ஸ்கேனுக்கும் அகப்படாமல் போகலாம்.