எச்.பி.வி. பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை: ரிப்போர்ட் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய வைரஸான எச்.பி.வி.க்கான டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்ததும் பலர் புற்றுநோயே வந்துவிட்டதாக நினைத்து இடிந்துபோகிறார்கள். அந்த டெஸ்ட் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த மாதிரியில், அபாயம் அதிகமுள்ள எச்.பி.வி. வகைகளில் ஏதோ ஒன்றின் டி.என்.ஏ. இருக்கிறது. செல்கள் மாறியிருக்கின்றனவா என்பதை அது சொல்லாது. தொற்று வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே வைரஸை அடக்கிவிடுகிறது. வருடக்கணக்கில் தங்கிவிடும் தொற்றுதான் ஆபத்து, அதுவும் புற்றுநோயாக மாற நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக இருப்பவர்களுக்கு 15 முதல் 20 வருடம் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்னொன்று, வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பிறகு டெஸ்டில் தெரியலாம், அதனால் ரிப்போர்ட்டை வைத்துக் கணவன் மனைவிக்குள் சந்தேகத்தைக் கிளப்புவது பெரிய அநியாயம்.

அதற்காக "எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே" என்று ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களுக்கு அறிகுறியே இருக்காது. எந்த வகை வைரஸ் என்று கேளுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 ஆகிய இரண்டு வகைகள்தான் காரணம், அவை இருந்தால் பொதுவாகத் தாமதிக்காமல் கோல்போஸ்கோப்பிக்கு (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) அனுப்புவார்கள்.

அடுத்த தவறு, பயோமார்க்கர்களை (செல்லில் நடப்பதைக் காட்டும் அடையாளங்கள்) ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் படிப்பது. நான் பார்த்தவரை அதிகக் குழப்பம் இங்கேதான். வைரஸின் இ7 புரதம் செல்லுக்குள் இருக்கும் ஆர்.பி. என்ற காவல் புரதத்தைச் செயலிழக்க வைக்கிறது, அதன் விளைவாக பி16 என்ற புரதம் ஏகத்துக்கும் அதிகரிக்கிறது. பி16-இன் வேலை செல் பிரிவதை நிறுத்துவது, கேஐ-67 என்பதோ செல் பிரிந்துகொண்டிருப்பதன் அடையாளம். சாதாரண செல்லில் இரண்டும் சேர்ந்து தெரியாது. ஒரே செல்லில் இரண்டும் தெரிந்தால், பிரேக்கை அழுத்தியபடியே வண்டி ஓடுகிறது என்று அர்த்தம், அதாவது கட்டுப்பாடு கையைவிட்டுப் போயிருக்கிறது. இதைத்தான் இரட்டைச் சாய டெஸ்ட் தேடுகிறது. எச்.பி.வி. பாசிட்டிவ் ஆனவர்களில் யாரை உடனே கோல்போஸ்கோப்பிக்கு அனுப்புவது, யாரைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பது என்று பிரிக்க அது நன்றாகவே உதவுகிறது.

ஆனால் பி16 மட்டும் பாசிட்டிவ் என்றால் கதை வேறு. பயாப்ஸியில் அது தெரிந்தாலே முற்றிய மாற்றம் என்று முடிவுகட்டக் கூடாது, தெளிவான சி.ஐ.என். 1 திசுவிலும் பி16 தெரியலாம் (சி.ஐ.என். என்பது கர்ப்பப்பை வாய்ச் செல்களின் மாற்றம், 1 லேசானது, 3 முற்றியது). சி.ஐ.என். 2 தானா என்று நோயியல் மருத்துவருக்குச் சந்தேகம் வரும் இடத்தில் முடிவெடுக்கத்தான் அந்தச் சாயம். இ6, இ7 எம்.ஆர்.என்.ஏ. டெஸ்டும் அப்படியே. வைரஸின் அந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று காட்டும், திசுவில் மாற்றம் இருக்கிறது என்று உறுதிசெய்யாது.

பயந்துபோய் உடனே வெட்டி எடுக்கச் சொல்வதும் தவறுதான். சி.ஐ.என். 2 மாற்றங்களில் ஏறக்குறைய பாதி இரண்டு வருடத்தில் தானாகவே மறைகின்றன, இளம் வயதில் இன்னும் அதிகம். கர்ப்பப்பை வாயில் திசுவை எடுத்தால் பின்னால் குறைப்பிரசவ வாய்ப்பு கூடும், அதனால் குழந்தை பெற்றுக்கொள்ள நினைப்பவர்கள் கண்காணிப்பில் இருக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மீத்தைலேற்ற டெஸ்டுகள் (டி.என்.ஏ.வில் ஒட்டும் ஒரு வேதிக் குறியை அளப்பவை) இந்த இடத்தில்தான் நம்பிக்கை தருகின்றன: மீத்தைலேற்றம் குறைவாக இருந்தால் மாற்றம் மறையும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சி.ஐ.என். 3 மட்டும் வேறு விஷயம், அதை அப்படியே விட்டால் 30 வருடத்தில் பத்தில் மூன்று பேருக்குப் புற்றுநோய் வரும். அதைத் தள்ளிப்போடவே கூடாது.

வீட்டில் தாங்களே மாதிரி எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வைரஸ் டி.என்.ஏ.வைக் கண்டுபிடிக்க அந்த மாதிரி நன்றாகவே போதும், செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பாப் ஸ்மியருக்கும் இரட்டைச் சாயத்துக்கும் போதாது, அதில் இருப்பவை பெரும்பாலும் யோனிச் சுவரின் செல்கள். பாசிட்டிவ் வந்தால் மறுபடி கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டும், அங்கேதான் நிறைய பேர் நின்றுவிடுகிறார்கள்.

அப்புறம், சி.ஏ.-125 (பெரும்பாலும் சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்ப்பது) போன்ற ரத்த டெஸ்ட் எடுத்து நார்மல் என்று நிம்மதி அடைவது வீண், இந்த ஆரம்ப மாற்றங்கள் அதில் தெரியாது. தடுப்பூசி போட்டவர்களும் பரிசோதனையை விடக் கூடாது. ஏற்கெனவே உள்ள தொற்றைத் தடுப்பூசி போக்காது. உறவுக்குப் பிறகோ மாதவிடாய் நின்ற பிறகோ ரத்தம் பட்டால், எந்த ரிப்போர்ட் நெகட்டிவாக இருந்தாலும் சரி, நேரே மருத்துவரிடம் போய் உள்பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.