அயல்நாட்டு விழாவுக்குத் தலைவர் போகலாமா? தீர்ப்புச் சொல்லும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டு விழாவுக்குப் போனால் ‘பணிந்துவிட்டார்’ என்கிறோம். போகாவிட்டால் ‘அவமதித்துவிட்டார்’ என்கிறோம். இரண்டுமே அவசரத் தீர்ப்பு.

மரபைப் பார்க்காமல் கோபப்படுவது முதல் தவறு. 2023 மே 6 அன்று நடந்த மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழாவுக்கு அமெரிக்க அதிபர் பைடன் போகவில்லை, மனைவியை அனுப்பினார். அவமதிப்பு என்று சிலர் கொதித்தார்கள். ஆனால் எந்த அமெரிக்க அதிபரும் பிரிட்டிஷ் முடிசூட்டு விழாவுக்குப் போனதே கிடையாது. முந்தைய ஆண்டு ராணி எலிசபெத்தின் இறுதிச் சடங்குக்கு இதே பைடன் நேரில் போயிருந்தார்.

எல்லா நிகழ்ச்சியையும் ஒரே தராசில் நிறுப்பது அடுத்த தவறு. துக்கத்துக்குப் பகையாளியும் போகலாம், போகவும் வேண்டும். 2013 டிசம்பரில் மண்டேலா நினைவு நிகழ்ச்சியில் ஒபாமாவும் கியூபாவின் ராவுல் காஸ்ட்ரோவும் கைகுலுக்கினார்கள். ஓராண்டில் இரு நாடுகளும் உறவைப் புதுப்பிப்பதாக அறிவித்தன. அதற்காக அந்தக் கைகுலுக்கல்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்று நம்பிவிடக் கூடாது. ரகசியப் பேச்சு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

ராணுவ அணிவகுப்பு அப்படியல்ல. மேடையில் நிற்கும் விருந்தினரும் அந்தக் காட்சியில் ஒருவராகிவிடுகிறார். கடந்துபோகும் பீரங்கிகளுக்கு அவர் முகமும் சாட்சி. மரியாதைக்காகத்தான் வந்தேன் என்று பிறகு சொன்னால் எடுபடாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, போவது, போகாமலிருப்பது என்று இரண்டே வழி இருப்பதாக நினைப்பது. 2015 மே 9, இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனியை வென்றதைக் கொண்டாடும் 70ஆவது வெற்றி தினம், மாஸ்கோவில். ரஷ்யா உக்ரைனின் கிரிமியாவை இணைத்துக்கொண்டு ஓராண்டு ஆகியிருந்தது. ஜெர்மனியின் மெர்கல் அணிவகுப்புக்குப் போகவில்லை. மறுநாள் போனார். புதினோடு சேர்ந்து, பெயரறியாப் போர்வீரர் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்தார். பிறகு செய்தியாளர்கள் முன்னால், புதினை அருகில் வைத்துக்கொண்டே, கிரிமியா இணைப்பு சர்வதேசச் சட்டத்துக்கு எதிரானது என்றார். இறந்தவர்களுக்கு உரிய மரியாதையும் குறையவில்லை, சொல்ல வேண்டியதும் விட்டுப்போகவில்லை. (மெர்கல் அப்போது அரசாங்கத் தலைவர், ஜெர்மனியின் நாட்டுத் தலைவர் அங்குள்ள குடியரசுத் தலைவர். யார் போகிறார் என்பதும் ஒரு செய்திதான்.)

புறக்கணிப்பிலும் இதே கவனம் தேவை. 1980இல் அமெரிக்கா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது விலை கொடுத்தவர்கள் விளையாட்டு வீரர்கள். பலருக்கு அந்த வாய்ப்பு மறுபடி வரவேயில்லை. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் அரசுப் பிரதிநிதிகளை அனுப்பவில்லை, வீரர்களை அனுப்பின.