கலைச் சிகிச்சை முதுநிலைப் படிப்பு: விண்ணப்பிக்கும்போதும் படிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவியம், களிமண் போன்றவற்றின் வழியாக மனநலச் சிகிச்சை அளிப்பதே கலைச் சிகிச்சை. அதைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நல்ல காரணங்களோடு வருகிறார்கள். வரையப் பிடிக்கும், மனிதர்களுக்கு உதவப் பிடிக்கும். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் இந்தப் பட்டம் ஒருவரை நோயாளியின் எதிரில் உட்கார வைக்கிற தொழிற்பயிற்சி. மருத்துவமனை, பள்ளி, சிறை, போதை மீட்பு மையம் என்று எங்கே போனாலும் அங்கே கேஸ் குறிப்பு எழுத வேண்டும், சட்டம் தெரிந்திருக்க வேண்டும், தற்கொலை அபாயத்தை மதிப்பிடத் தெரிய வேண்டும். இதை ஓவியப் படிப்பின் நீட்சியாக நினைத்துக்கொண்டு தொடங்குவதிலிருந்துதான் மற்ற தவறுகளில் பாதி பிறக்கின்றன.

கல்லூரியைத் தேடுவதற்கு முன்

முதல் தவறு, விலையிலும் விளைவிலும் மிகப் பெரிய தவறு, கல்லூரியின் பெயரைப் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது. எங்கே வேலை செய்யப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த நாட்டில், அந்த மாநிலத்தில் உரிமம் தருகிற அமைப்பு எது, அது எந்தப் படிப்பை ஏற்கிறது என்று படித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கல்லூரிக்கு வாருங்கள்.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். ஆர்ட் தெரபிஸ்ட், ஆர்ட் சைக்கோதெரபிஸ்ட் ஆகிய இரண்டும் அங்கே சட்டப் பாதுகாப்பு பெற்ற தொழிற்பெயர்கள். எச்.சி.பி.சி. என்கிற ஹெல்த் அண்ட் கேர் புரொஃபஷன்ஸ் கவுன்சிலில் பதிவு செய்யாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது குற்றம். அந்தக் கவுன்சில் ஒப்புதல் தந்த படிப்பை முடித்தால்தான் பதிவுக்கு நேர் வழி உண்டு.

அமெரிக்காவில் கதை வேறு. ஆர்ட் தெரபி கிரெடென்ஷியல்ஸ் போர்டு என்கிற அமைப்பு ஏ.டி.ஆர். என்ற தொழில்முறைப் பதிவையும், தேர்வு எழுதித் தேறினால் அதற்கு மேல் நிலைச் சான்றிதழையும் தருகிறது. ஆனால் அது மாநில உரிமம் அல்ல. நியூயார்க் மாநிலம் படைப்புக் கலைச் சிகிச்சையாளருக்கென்று தனி உரிமம் வைத்திருக்கிறது. கென்டக்கி, நியூ மெக்சிகோ, மேரிலாந்து போன்ற சில மாநிலங்களில் கலைச் சிகிச்சைக்கே தனி உரிமம் உண்டு. கலிபோர்னியாவில் பலர் திருமண, குடும்பச் சிகிச்சையாளர் உரிமத்துக்கும் சேர்த்துத் தயார் செய்கிற படிப்பில்தான் சேர்கிறார்கள். வேறு பல மாநிலங்களில் கவுன்சிலிங்கும் கலந்த பட்டம் இல்லாவிட்டால் உரிமமும் இல்லை, காப்பீட்டு நிறுவனத்திடம் கட்டணம் கேட்கவும் முடியாது. ஒரு மாநிலத்தில் செல்லுபடியாகும் பட்டம் பக்கத்து மாநிலத்தில் இரண்டு பாடம் குறைவு என்று திரும்பி வரலாம். நாடு மாறினால் கேட்கவே வேண்டாம்.

கல்லூரியிடம் எழுதிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உங்கள் படிப்புக்கு இப்போது எந்த அங்கீகாரம் இருக்கிறது? இங்கே முடித்தவர்கள் எந்த உரிமத்துக்கு விண்ணப்பித்து, பெற்றிருக்கிறார்கள்? அமெரிக்காவில் இந்தப் படிப்புகளுக்குக் கேஹெப் என்ற அமைப்பு அங்கீகாரம் தருகிறது. ‘அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்’ என்பதும் ‘பெற்றிருக்கிறோம்’ என்பதும் ஒன்றல்ல. அப்புறம், சில வாரங்களில் முடியும் இணையவழிச் சான்றிதழ்கள் இருக்கின்றன. ஆர்வத்துக்குப் படிக்கலாம், தவறில்லை. அவற்றை வைத்துக்கொண்டு சிகிச்சையாளர் என்று பலகை மாட்டுவது பிறரின் உடைந்த மனத்தோடு விளையாடுவது.

படிப்பின் சாய்வையும் பாருங்கள். அமெரிக்காவில் இத்துறையின் முன்னோடிகளான மார்கரெட் நவும்பர்கும் ஈடித் கிராமரும் இருவேறு திசையில் நின்றவர்கள். நவும்பர்குக்கு ஓவியம் என்பது உளப்பகுப்பாய்வுக்குள், அதாவது ஆழ்மனத்தை ஆராயும் முறைக்குள், நுழையும் வழி. வரைந்தவர் தன் படத்தைப் பற்றிப் பேசுவது முக்கியம். கிராமருக்கோ படைக்கும் செயலே குணப்படுத்துவது. இன்றும் சில கல்லூரித் துறைகள் பேச்சுச் சிகிச்சைப் பக்கமும் சில ஸ்டூடியோ பக்கமும் சாய்ந்திருக்கின்றன. எந்தப் பக்கம் என்று தெரியாமல் சேர்ந்துவிட்டு, ‘இங்கே வரையவே விடுவதில்லை’ என்று இரண்டாம் ஆண்டில் வருந்துவதில் பயனில்லை.

முன்தேவைப் பாடங்கள்

நுண்கலை படித்தவருக்கு உளவியல் குறையும், உளவியல் படித்தவருக்கு ஸ்டூடியோ வகுப்பு குறையும். அமெரிக்கப் படிப்புகள் பல 18 கிரெடிட் (பாட அலகு) ஸ்டூடியோ கலையும் 12 கிரெடிட் உளவியலும் கேட்கின்றன. வளர்ச்சி உளவியல், பிறழ்நிலை உளவியல் இரண்டும் அந்த 12-க்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கம். கடைசி தேதிக்கு ஒரு மாதம் முன்னால் இதைக் கண்டுபிடித்தால் ஓராண்டு போய்விடும். வெளிநாட்டு மதிப்பெண் சான்றிதழை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியவர்கள் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

போர்ட்ஃபோலியோவும் நோக்கக் கடிதமும்

போர்ட்ஃபோலியோவில், அதாவது உங்கள் படைப்புகளின் தொகுப்பில், பொதுவாக 10 முதல் 20 படைப்புகள் கேட்பார்கள். இதில் நடக்கும் தவறு, கலைக் கண்காட்சிக்கு அனுப்புவதுபோல ஒரே பாணியில் மெருகேறிய பத்துப் படங்களை அனுப்புவது. தேர்வுக் குழு பார்ப்பது வேறு. களிமண்ணைத் தொட்டிருக்கிறாரா, நீர்வண்ணம் கட்டுப்பாட்டை மீறி ஓடும்போது என்ன செய்கிறார், கொலாஜ் (துண்டுகளை ஒட்டிச் செய்யும் படம்), துணி, கரி இவற்றோடு பழக்கம் உண்டா என்று பார்ப்பார்கள். நாளைக்குச் சிகிச்சைக்கு வருபவர் கையில் எந்தப் பொருளைக் கொடுப்பது என்று நீங்கள்தான் முடிவு செய்யப் போகிறீர்கள். அதனால் பல ஊடகங்கள் இருக்கட்டும். மனித உருவத்தைப் பார்த்து வரைந்தது ஒன்றாவது இருக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் ஊடகம், அளவு, ஆண்டு எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். தன்னார்வப் பணியில் குழந்தைகளோ நோயாளிகளோ வரைந்த படங்களைப் போட்டோ எடுத்து போர்ட்ஃபோலியோவில் சேர்க்காதீர்கள். அக்கறையைக் காட்டுவதாக நினைத்துப் பலர் சேர்க்கிறார்கள். படிப்பவருக்குத் தெரிவது இவருக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்பதுதான்.

சுயவிவரத்தில் ‘முதியோர் இல்லத்தில் கலைச் சிகிச்சை அளித்தேன்’ என்று எழுதுவதும் அதே வகை. பயிற்சி பெறும் முன் நீங்கள் செய்தது ஓவிய வகுப்பு, கலைச் செயல்பாடு. அப்படியே எழுதினால் மதிப்பு கூடும்.

நோக்கக் கடிதம் இன்னும் நுட்பமானது. பலர் தங்கள் சொந்த வலியை எழுதுகிறார்கள். மன அழுத்தம் வந்தது, வரைந்தேன், மீண்டேன். இதை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வலியறிந்தவர்கள் இந்தத் துறைக்கு வேண்டும். ஆனால் மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டரைப் பக்கம் காயத்தின் விவரமே இருந்தால், படிப்பவருக்கு ஒரு நியாயமான கவலை வரும்: இதே காயத்தோடு ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்தால் இவர் யாருடைய கதையைக் கேட்பார்? அனுபவத்தைச் சில வரிகளில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு என்ன சிகிச்சை எடுத்தீர்கள், என்ன புரிந்தது, மற்றவர் அனுபவம் உங்களுடையதைப் போல இருக்காது என்பதை எங்கே உணர்ந்தீர்கள் என்பதற்கு இடம் கொடுங்கள். எந்த மக்களோடு வேலை செய்ய விருப்பம், ஏன் இந்தக் குறிப்பிட்ட படிப்பு என்பதும் வேண்டும். ‘கலை எல்லோரையும் குணப்படுத்தும்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். சிலருக்கு வெள்ளைத் தாளே பயத்தைக் கிளப்பும்.

நேர்முகத் தேர்வில் சில இடங்களில் குழுவாக உட்கார வைத்து ஏதாவது செய்யச் சொல்வார்கள். அங்கே அழகான படம் வரைய முயல வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் பேசும்போது கேட்கிறீர்களா என்பதுதான் கவனிக்கப்படும்.

சேர்ந்த பிறகு

படங்களைக் குறி சொல்வதுபோல் படிப்பது மாணவர்களின் மிகப் பரவலான தவறு. கறுப்பு என்றால் துக்கம், ஜன்னல் இல்லாத வீடு என்றால் தனிமை, மரத்தில் பொந்து என்றால் பழைய அதிர்ச்சி. இணையத்தில் இப்படிப் பட்டியல்கள் ஏராளம். குழந்தை கறுப்பை எடுத்ததற்கு மற்ற கிரேயான்கள் உடைந்திருந்தது காரணமாக இருக்கலாம். லிண்டா கான்ட்டும் கார்மெல்லோ டபோனும் உருவாக்கிய ஒரு மதிப்பீட்டில், மரத்திலிருந்து ஒருவர் ஆப்பிள் பறிக்கிற காட்சியை வரையச் சொல்வார்கள். அதை மதிப்பிடும் 14 அளவுகோல்களில் ஆப்பிளுக்கு என்ன அர்த்தம் என்று ஒன்றும் கிடையாது. நிறத்தை எவ்வளவு பயன்படுத்தினார், இடத்தை எப்படி நிரப்பினார், கோட்டின் தன்மை என்ன, பறிக்கும் வழி நடைமுறையில் சாத்தியமா என்று படம் எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பதையே பார்க்கும். அர்த்தத்தை வரைந்தவரிடம் கேளுங்கள். அவர் சொல்லாவிட்டால் காத்திருங்கள்.

பொருள் தேர்வில் அலட்சியமும் அடிக்கடி நடப்பது. ஓடும் நீர்வண்ணமும் ஈரக் களிமண்ணும் உணர்ச்சியைச் சட்டென்று அவிழ்த்துவிடக்கூடியவை. பென்சில், கொலாஜ் போன்றவை கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருக்க உதவும். 1978-இல் சாண்ட்ரா கேகினும் விஜா லூசப்ரிங்கும் முன்வைத்த ‘எக்ஸ்பிரசிவ் தெரபீஸ் கன்டின்யூவம்’ என்ற சட்டகம் இதை முறையாக விளக்குகிறது. அதைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல் ஒவ்வொரு பொருளையும் உங்கள் கையில் எடுத்துச் செய்து பாருங்கள். அதிர்ச்சியிலிருந்து மீளும் ஒருவருக்கு முதல் சந்திப்பிலேயே விரல் வண்ணத்தைக் கொடுத்துவிட்டு, அவர் நிலைகுலைந்த பிறகு யோசிப்பது தாமதம். மனநலப் பிரிவில் கத்தரிக்கோலை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதும் சிகிச்சையின் பகுதிதான்.

களப்பயிற்சியை வகுப்புக்கு இடையே செருகிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கப் படிப்புகளில் அது பொதுவாக 700 மணி நேரத்துக்குக் குறையாது, அதில் ஏறத்தாழ பாதி சிகிச்சைக்கு வருபவரோடு நேரடியாக இருக்கும் நேரம். பல இடங்களில் சம்பளம் கிடையாது. முழுநேர வேலையோடு இதைச் சமாளிக்கத் திட்டமிடுகிறவர்கள் உடைந்துபோகிறார்கள். சேரும் முன்பே அந்த ஆண்டுக்கான பணக் கணக்கைப் போட்டுவிடுங்கள், பகுதிநேரமாகப் படிக்க வழி இருந்தால் கேளுங்கள். மணிக்கணக்கை வாரந்தோறும் எழுதி, தனிநபர், குழு, குறிப்பு எழுதும் நேரம், மேற்பார்வை (அனுபவமுள்ள சிகிச்சையாளரிடம் உங்கள் சந்திப்புகளைப் பற்றிப் பேசும் நேரம்) என்று பிரித்து, கையெழுத்தும் உடனே வாங்குங்கள். மேற்பார்வையாளர் நடுவில் வேலை மாறிப் போவது சாதாரணமாக நடக்கும்.

மேற்பார்வைக்கு நல்லபடியாகப் போன சந்திப்பை மட்டும் எடுத்துப் போகும் பழக்கம் எனக்குப் பெரிய கவலையைத் தருகிறது. எரிச்சல் வந்தது, தூக்கம் வந்தது, அவரைக் காப்பாற்றி வீட்டுக்கு அழைத்துப் போகத் தோன்றியது, இவற்றைச் சொல்வதற்குத்தான் அந்த ஒரு மணி நேரம். சொல்லாமல் விட்டால் பாதிக்கப்படுவது எதிரில் இருப்பவர். பிரிட்டனில் பயிற்சிக் காலம் முழுவதும் மாணவரும் தனக்கான சிகிச்சைக்குப் போக வேண்டும் என்பது விதி. விதி இல்லாத இடத்திலும் போவது நல்லது.

சிகிச்சையில் பிறந்த படைப்பைப் பேர் தெரியாமல் சமூக வலைத்தளத்தில் போடுவதும் வேண்டாம். வரைந்தவர் தன் கோடுகளை அடையாளம் கண்டுகொள்வார்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு சின்னதாக இருக்கட்டும். ‘குழந்தைகளின் அதிர்ச்சியில் கலையின் பங்கு’ என்பது ஒரு மாணவரால் முடிக்கக்கூடியது அல்ல. களப்பயிற்சியில் சந்திப்பவர்களையே ஆய்வுக்கு உட்படுத்த நினைத்தால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு, பயிற்சி நடக்கும் நிறுவனம் இரண்டின் அனுமதியும் வேண்டியிருக்கும், மாதங்கள் ஓடும். சொந்தக் கலைச்செயலையே ஆய்வுப் பொருளாகக் கொள்வதும், வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்வதும் மதிப்புக் குறைந்த வழிகள் அல்ல.

சொந்தமாக வரைவதை நிறுத்திவிடுவதும் படிப்பின் நடுவில் எல்லோருக்கும் நேர்வது. சந்திப்பு முடிந்ததும் பத்து நிமிடம், கையில் கிடைத்த தாளில், யாருக்கும் காட்டாமல் வரையுங்கள். அந்தச் சந்திப்பு உங்களுக்குள் என்ன விட்டுச் சென்றது என்பது அதில் தெரியும், அதை மேற்பார்வைக்கும் கொண்டு போகலாம்.

பட்டம் கையில் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துக் கல்லூரிக் கோப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள். நியூயார்க் உரிமத்துக்கு மேற்பார்வையின் கீழ் 1,500 மணி நேரப் பணியும் தேர்வும் தேவை. மற்ற இடங்களிலும் இதுபோன்ற தொடர்ச்சி இருக்கும். ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டம், கையெழுத்திட்ட மணிக்கணக்குத் தாள்கள், மேற்பார்வையாளரின் உரிம எண் ஆகியவற்றின் நகலைக் கல்லூரியை விட்டு வரும் முன்பே எடுத்து வையுங்கள். ஊர் மாறி, சில ஆண்டுகள் கழித்து உரிமம் கேட்கும்போது அந்த வாரியம் முதலில் கேட்பவை இவைதான்.