கழுத்துவலி, முதுகுவலி: இங்கிலாந்தில் கத்தி படாமல் என்ன வழி

ஊரில் முதுகுவலி என்றால் நேராக எலும்பு டாக்டரிடம் போகலாம். அன்றைக்கே எம்.ஆர்.ஐ., சாயங்காலம் ரிப்போர்ட், 'ஜவ்வு விலகியிருக்கிறது' என்று ஒரு வரி, இடுப்புக்கு பெல்ட், பத்து நாள் டிராக்‌ஷன், கை நிறைய மாத்திரை. அதே வலியோடு இங்கே ஜி.பி.யிடம் (நம் பகுதிப் பொது மருத்துவரிடம்) போனால், பத்து நிமிடம் பேசிவிட்டு உடற்பயிற்சித் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். 'இதற்கா இவ்வளவு நாள் காத்திருந்தேன்?' என்று கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தத் தாள்தான் இங்கே முதல் மருந்து. அதற்குக் காரணம் இருக்கிறது. (நான் எழுதுவது இங்கிலாந்து நடைமுறை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சில விஷயங்கள் மாறும்.)

என்.எச்.எஸ். (இங்குள்ள அரசு மருத்துவச் சேவை) மருத்துவர்கள் பின்பற்றுவது 'நைஸ்' என்ற அமைப்பின் வழிகாட்டுதல்களை. முதுகுவலிக்கான அதன் 2016 வழிகாட்டுதல், ஜி.பி. அளவில் வழக்கமாக ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்கிறது. இதை வெறும் சிக்கனம் என்று நினைக்க வேண்டாம். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. அதில் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு) தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். தலை நரைப்பது மாதிரிதான் அதுவும். ஆக, படத்தில் தெரிகிற தேய்மானம்தான் உங்கள் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் குனியவே பயந்து, தசைகள் தளர்ந்து, வலி கூடிப்போனவர்கள் நம்மவர்களில் நிறைய.

காத்திருக்கவே கூடாத வலியும் உண்டு. பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போவது, சிறுநீர் போவதில் புதிதாகச் சிரமம் அல்லது கட்டுப்பாடு இழப்பது, இரண்டு கால்களிலும் வலுக் குறைவது: இவற்றில் எது வந்தாலும் ஜி.பி. அப்பாயிண்ட்மெண்ட் வேண்டாம். நேராக ஏ அண்ட் இ (மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு), அல்லது அவசர எண் 999. வெட்கப்பட்டு இதை மறைப்பவர்கள் உண்டு. சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பில் முடியலாம்.

சரி, மற்ற வலிகளுக்கு எப்படி உள்ளே நுழைவது? முதலில் ஜி.பி.யில் பதிவு செய்யுங்கள். அதற்கு முகவரிச் சான்றோ விசா ஆவணமோ கட்டாயமில்லை. ரிசப்ஷனில் கேட்டால், கட்டாயமில்லை என்று பணிவாகச் சொல்லலாம். அப்புறம், டாக்டரைத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. பல ஜி.பி. மையங்களில் பிசியோதெரபிஸ்ட் ஒருவரே இருக்கிறார்; முதுகுவலி என்று சொன்னால் நேரடியாக அவரிடம் அனுப்புவார்கள். பல பகுதிகளில் ஜி.பி. கடிதமே இல்லாமல் நீங்களே ஆன்லைனில் பிசியோவுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் பகுதியில் அந்த வசதி இருக்கிறதா என்று ரிசப்ஷனில் கேளுங்கள். அவர்கள் 'என்ன பிரச்சினை?' என்று விசாரிப்பது வம்புக்காக இல்லை, சரியான ஆளிடம் அனுப்பத்தான்.

ஆங்கிலம் தடுமாறினால் அப்பாயிண்ட்மெண்ட் போடும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். இலவசம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையை அழைத்துப்போய் அம்மாவின் சிறுநீர்ப் பிரச்சினையைச் சொல்லவைப்பது இரண்டு பேருக்கும் கஷ்டம்.

பேசும்போது 'ரொம்ப வலிக்கிறது டாக்டர்' என்பதைவிட, வலியால் என்ன முடியவில்லை என்பதைச் சொல்லுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை, குழந்தையைத் தூக்க முடியவில்லை, இரவில் இரண்டு முறை விழிப்பு வருகிறது, வலி முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது. அடுத்த படியைத் தீர்மானிப்பது இந்த விவரங்கள்தான்.

பிசியோ தருவதில் முக்கியமானது பயிற்சி. தனியாகவோ குழுவாகவோ இருக்கும். நடை, தசை வலுவாக்கம், யோகா எதுவும் ஆகலாம். கையால் அழுத்தி நீவிவிடும் சிகிச்சையும் உண்டு, ஆனால் பயிற்சியோடு சேர்த்துத்தான். வலியோடு வாழப் பழக்கும் உளவியல் பயிற்சியையும் சிலருக்குப் பரிந்துரைப்பார்கள். உடனே 'என் வலி கற்பனை என்கிறார்களா?' என்று முகம் சுருங்க வேண்டாம். பல மாதம் நீடித்த வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. தூக்கமும் கவலையும் அதைக் கூட்டுகின்றன. அதற்கான சிகிச்சை அது.

நம்மூரில் வழக்கமான சிலவற்றை நைஸ் முதுகுவலிக்கு வேண்டாம் என்றே சொல்கிறது: இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன், டென்ஸ் கருவி (தோல் வழியே மெல்லிய மின்சாரம் செலுத்துவது), அக்குபங்சர். டிராக்‌ஷன் தரவில்லையே என்று குறைபட வேண்டாம். நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கிறதா, தாராளமாகச் செய்யுங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதை விட்டுவிடுங்கள். அரிதாகத்தான் என்றாலும், கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது.

ஊசியில் இரண்டு வகையை அறிந்துகொள்ளுங்கள். கடுமையான சியாட்டிகாவுக்கு, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு, அண்மையில் தொடங்கியதாக இருந்தால் எபிடியூரல் ஊசி (முதுகெலும்புக்குள் நரம்புகளை ஒட்டிப் போடுவது) உண்டு. முதுகெலும்பின் சிறு மூட்டுகளிலிருந்து வலி வருகிறது என்று சோதனை ஊசியில் உறுதியானால், அந்த நரம்பைச் சூடேற்றிச் செயலிழக்கச் செய்யும் முறையும் உண்டு. பயிற்சி முதலான மற்ற வழிகள் பலன் தராத பிறகுதான் அது. பொதுவான முதுகுவலிக்கு முதுகில் ஊசி போடுவதில்லை.

மாத்திரையில்தான் புதிதாக வருபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து பெட்டியில் வருகிற அட்டைகளில் பெரும்பாலும் அசெக்ளோஃபெனாக்கும் (இதுவும் இபுப்ரோஃபென் வகை மருந்துதான்) பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை இருக்கும். அதோடு சூப்பர்மார்க்கெட் இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தால் இரண்டுமே இரட்டிப்பாகிவிடும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 500 மி.கி. பாராசிட்டமால் எட்டுக்கு மேல் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, ரத்த அழுத்த மாத்திரை இருப்பவர்கள் இபுப்ரோஃபெனுக்கு முன் பார்மசிஸ்டிடம் கேளுங்கள். அப்பாயிண்ட்மெண்ட் வேண்டாம், பணமும் வேண்டாம். டிராமடாலும் பிரிகாபாலினும் இங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். ஊரிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் மருத்துவர் கடிதம் கையில் இருக்கட்டும். இங்கே நாள்பட்ட முதுகுவலிக்கு அவற்றை எழுதித்தர ஜி.பி. மறுப்பார், நைஸ் சொல்வதும் அதுதான்.

கழுத்துவலிக்கும் பெரும்பாலும் இதே பாதைதான். காலர் போட்டுக்கொண்டு அசையாமல் இருப்பது உதவாது, மருத்துவர் சொன்னாலொழிய. தலையைத் திருப்ப முடியாத நாளில் கார் ஓட்டாதீர்கள். சட்டைப் பொத்தான் போடக் கைகள் தடுமாறினாலோ நடை தள்ளாடினாலோ அது சாதாரணப் பிடிப்பு இல்லை, தண்டுவடம் அழுந்துவதாக இருக்கலாம், அன்றைக்கே ஜி.பி.க்கோ என்.எச்.எஸ். உதவி எண் 111-க்கோ சொல்லுங்கள்.

நமக்கென்றே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று காசநோய். தமிழ்நாட்டிலிருந்து நீண்டகால விசாவுக்கு எடுத்த எக்ஸ்ரே நுரையீரலை மட்டும்தான் பார்த்தது. காசநோய் முதுகெலும்பிலும் வரும். விடாத முதுகுவலியோடு எடை குறைவு, இரவில் வியர்வை, மாலைக் காய்ச்சல் இருந்தால் காசநோயைச் சோதிக்கும்படி நீங்களே கேளுங்கள். குடியேற்ற நிலை எதுவானாலும் அதற்குச் சிகிச்சை இலவசம். இன்னொன்று வைட்டமின் டி. கருத்த தோல் உடையவர்கள் வருடம் முழுக்கத் தினம் 10 மைக்ரோகிராம் எடுப்பதை யோசிக்கச் சொல்கிறது என்.எச்.எஸ். கடுமையான குறைபாடு எலும்பு வலியாகவும் தசைச் சோர்வாகவும் வெளிப்படும். மாத்திரை மலிவு.

வேலை இடத்தைச் சரிசெய்யாமல் பயிற்சி மட்டும் செய்து பயனில்லை. பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்பவர்கள் ஹாய்ஸ்ட் (ஆளைத் தூக்கும் இயந்திரம்) இல்லாமல் ஆளைத் தூக்கச் சொன்னால் மறுக்கலாம். ஆபத்தான தூக்குதலை இயன்றவரை தவிர்ப்பது முதலாளியின் கடமை என்று 1992-ஆம் ஆண்டின் விதிமுறைகளே சொல்கின்றன. அடிபட்டால் அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதவையுங்கள். ஏழு நாள் வரை நீங்களே எழுதிக் கொடுத்து லீவு எடுக்கலாம். அதற்கு மேல் ஃபிட் நோட் (வேலை செய்ய முடியுமா என்று சொல்லும் மருத்துவச் சான்று) வேண்டும். 2022 முதல் பிசியோவும் அதைத் தரலாம். 'கனம் தூக்காமல் வேலை செய்யலாம்' என்று அதில் எழுதவைக்கலாம், முழு லீவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

பிசியோவுக்கான காத்திருப்பு வாரங்கள் முதல் மாதங்கள் வரை போகலாம். அதுவரை படுக்கையில் கிடப்பதுதான் மிக மோசமான யோசனை. சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பூங்காக்களில் நடக்கும் பார்க்ரன் இலவசம், ஐந்து கிலோமீட்டரையும் நடந்தே முடிக்கலாம். அலுவலக மருத்துவக் காப்பீடு இருந்தால் அதில் பிசியோ உண்டா என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். கைக்காசு போட்டுத் தனியாரிடம் போவதானால், பிசியோதெரபிஸ்ட்களைப் பதிவு செய்யும் ஹெச்.சி.பி.சி. அமைப்பின் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அதில் பதியாமல் யாரும் பிசியோதெரபிஸ்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது.

வர முடியாத தேதியை முன்கூட்டியே ரத்து செய்யுங்கள். சொல்லாமல் தவறவிட்டால் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். ஆறேழு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மாற்றம் இல்லையென்றால், 'பரவாயில்லை' என்று தலையாட்டாமல் அதை அப்படியே பிசியோவிடம் சொல்லுங்கள். வலி மேலாண்மைப் பிரிவுக்கோ முதுகெலும்பு நிபுணருக்கோ அனுப்பவும், தேவையென்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கவும் அவர் வழி செய்வார்.