ஸ்பானிய மொழியில் ‘பேசாதே’, ‘பேசாமல்’: தொடக்கநிலையினருக்கு

ஸ்பானிய மொழியை நம்மில் பலர் ஆங்கிலப் புத்தகம் வழியாகவே கற்கிறோம். மறுப்புக் கட்டளை வந்ததும் அந்த வழி இடறுகிறது. ஆங்கிலத்தில் வினை மாறாது, முன்னால் மறுப்புச் சொல் சேர்ந்தால் போதும். தமிழில் ‘பேசு’, ‘பேசாதே’ என்று வினையின் வடிவமே மாறும். ஸ்பானிய மொழியும் இந்தக் கட்சிதான்: ‘ஆப்லா’ என்றால் பேசு, ‘நோ ஆப்லெஸ்’ என்றால் பேசாதே.

படி 1: ‘நான்’ வடிவத்தில் தொடங்குங்கள்

பேசுகிறேன் என்பது ‘ஆப்லோ’. இறுதி ‘ஓ’வை நீக்குங்கள். மூலவினை, அதாவது அகராதியில் காணும் வடிவம் (பேசுவதற்கு ‘ஆப்லார்’), ‘ஆர்’ என முடிந்தால் ‘எஸ்’ சேர்க்க வேண்டும். ‘ஏர்’, ‘ஈர்’ என முடிந்தால் ‘ஆஸ்’. சாப்பிடுகிறேன் ‘கோமோ’, சாப்பிடாதே ‘நோ கோமாஸ்’. எழுதுகிறேன் ‘எஸ்கிரீபோ’, எழுதாதே ‘நோ எஸ்கிரீபாஸ்’.

மூலவினையை விட்டு ‘நான்’ வடிவத்தைப் பிடிப்பதில் லாபம் உண்டு. ‘தெனேர்’ (கொண்டிருத்தல்) என்ற வினை ‘நான்’ வடிவில் ‘தெங்கோ’ ஆகிறது. அதிலிருந்து ‘நோ தெங்காஸ் மியேதோ’, அதாவது பயப்படாதே, தானாக வந்துவிடும். நீண்ட அட்டவணையை மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பேன்.

‘நான்’ வடிவம் ‘ஓ’வில் முடியாத சில வினைகளை மட்டும் தனியே படிக்க வேண்டும்: நோ பாயாஸ் (போகாதே), நோ செயாஸ் (அப்படி இராதே), நோ எஸ்தேஸ் (இந்த நிலையில் இராதே), நோ தெஸ் (கொடுக்காதே).

மரியாதைக்குரியவரிடம் இறுதி ‘ஸ்’ஸை விட்டுவிடுங்கள்: நோ ஆப்லே.

படி 2: ‘என்னிடம்’, ‘அதை’ முன்னால் வரும்

‘தீமெலோ’ என்றால் அதை என்னிடம் சொல். சொல்லாதே என்னும்போது ஒட்டியிருந்தவை பிரிந்து வினைக்கு முன் நிற்கும்: நோ மே லோ தீகாஸ். இது நாக்குக்குப் பழகச் சில நாட்கள் ஆகும். உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

படி 3: முன்னிடைச் சொல்லுக்குப் பின் மூலவினை

‘சின்’, ‘ஆந்தெஸ் தே’, ‘பாரா’ போல வினைக்கு முன்னால் நிற்கும் சொற்களே முன்னிடைச் சொற்கள்: சின் ஆப்லார் (பேசாமல்), ஆந்தெஸ் தே கொமேர் (சாப்பிடுவதற்கு முன்), பாரா அப்ரெந்தேர் (கற்பதற்கு). வினை எப்போதும் மூலவடிவில் இருக்கும். ஆங்கிலப் பழக்கத்தில் ‘சின் ஆப்லாந்தோ’ என்று எழுதிவிடுவார்கள். அது தவறு.

செய்பவர் வேறொருவர் என்றால் மூலவினை பொதுவாகப் பொருந்தாது. நீ வருவதற்குமுன் நான் சாப்பிடுகிறேன் என்பதில் ‘ஆந்தெஸ் தே கே யெகெஸ்’ என்று வினை மாறும். அது அடுத்த கட்டப் பாடம், இப்போதைக்கு அடையாளம் கண்டால் போதும்.

அறிவிப்புப் பலகையில் ‘நோ ஃபூமார்’ (புகைபிடிக்கக் கூடாது) என்று கண்டால் திகைக்க வேண்டாம். பொதுவில் எல்லோருக்கும் சொல்லும்போது மூலவினையே கட்டளையாகும். நண்பரிடம் நேரே சொல்ல ‘நோ ஃபூமெஸ்’ வேண்டும்.

பயிற்சிக்கு ஒரே வாக்கியம்: ‘சாப்பிடாமல் போகாதே.’ மூன்று படிகளும் இதில் இருக்கின்றன. கிளம்பிச் செல்வதற்கு ‘தே’ (te, ‘உன்னை’) என்ற ஒட்டும் தேவை. முயன்றபின் விடையைப் பாருங்கள்: நோ தே பாயாஸ் சின் கொமேர்.