தாரா முட்டைக்கு அடை கிடந்த ஊர்க்கோழி

மட்டக்குளியில எங்கட வளவுக்குள்ள தாரா (வாத்து) வளர்க்கிறம், ஆனா அதுகள் கண்ட இடத்தில முட்டையைப் போட்டுட்டுப் போயிடும், அடையே கிடக்காது. அதால அடைக்கு வந்து கூட்டை விட்டு எழும்பாம கிடந்த ஒரு ஊர்க்கோழிக்கு இரவில தாரா முட்டையை மெதுவா கீழ வச்சு விட்டன், சொண்டால இழுத்து வயித்துக்குள்ள அணைச்சுக்கொண்டுது, எனக்கெண்டா சரியான சந்தோசம்.

கோழி முட்டை 21 நாளில பொரிக்கும், தாரா முட்டைக்கு 28 நாள் வேணும், அதால தீன், தண்ணி பக்கத்திலேயே வையுங்கோ. முட்டை பெரிசு, கோழியால உருட்டக் கஷ்டம், நான் கையால திருப்பி விட்டு, கடைசிக் கிழமை இளஞ்சூட்டுத் தண்ணியும் தெளிச்சன், அடை கிடக்கிற தாய்த்தாராவெண்டா நனைஞ்ச செட்டையோடதானே வந்து படுக்கும்.

குஞ்சுகளை உடன ஆழத்தண்ணியில விட வேணாம், தாய்த்தாராவின்ர செட்டையில இருக்கிற எண்ணெய் படாததால நனைஞ்சு விறைச்சிடும்.